பேச்சு கொடுத்தால் நின்றுவிடும் கால்கள்

கல்வராயன் மலையில் ஒரு முதியவரின் நடையைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். வெள்ளிமலைப் பக்கமோ கரியாலூர்ப் பக்கமோ, கொல்லையிலிருந்து வீடு திரும்புகிற ஒரு மூதாட்டியோடு சேர்ந்து நடந்துகொண்டே, "என்ன ஆயா, இந்த வருஷம் சாமை எப்படி?" என்று கேட்டால் போதும். சிலர் நடையை நிறுத்தாமலே பதில் சொல்வார்கள். மழை ஏமாற்றியது, காட்டுப்பன்றி புகுந்தது என்று கதை நீளும்; கால் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். சிலர் நின்றுவிடுவார்கள். நின்று, கைத்தடியை ஊன்றி, "அத ஏன் கேக்கற கண்ணு" என்று சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைப்பார்கள். முகம் பார்த்துப் பேசும் மரியாதைக்காக நிற்கிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

ஸ்வீடனின் ஊமியா நகரில் லில்லிமோர் லுண்டின்-ஓல்சன் என்ற இயன்முறை ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதையே சோதனையாகச் செய்து பார்த்தார்கள். முதியோர் குடியிருப்பில் வாழ்ந்த 58 பேரோடு நடந்துகொண்டே பேச்சு கொடுத்தார்கள். 12 பேர் பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தினார்கள். அடுத்த 6 மாதத்துக்குள் அந்த 12 பேரில் 10 பேர் கீழே விழுந்தார்கள். நிற்காமல் பேசிக்கொண்டே நடந்தவர்களில் பெரும்பாலோர் விழவில்லை. 1997இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு பக்கத்துக்கு மேல் போகாத குறிப்பாக இது வெளிவந்தது. முதுமையைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ தடித்த நூல்களைவிட இந்தச் சிறு குறிப்பு எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. விழுவதற்கான காரணம் முழங்காலில் மட்டும் இல்லை. அது நெற்றிக்குப் பின்னாலும் இருக்கிறது என்று சொன்ன குறிப்பு அது.

இளம் வயதில் நடப்பதற்கு நாம் யோசிப்பதே இல்லை. தண்டுவடத்திலும் மூளைத் தண்டிலும் உள்ள நரம்புச் சுற்றுகள் காலை மாற்றி மாற்றி வைக்கும் தாளத்தைக் கவனித்துக்கொள்கின்றன. சிறுமூளை சமநிலையைப் பார்த்துக்கொள்கிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்நெற்றிப் புறணி, அதாவது கவனம், திட்டமிடல், நினைவில் வைத்துக் கணக்கிடுதல் ஆகியவற்றுக்கான பகுதி, வேறு வேலைக்கு முழுமையாகக் கிடைக்கிறது. வயதாக ஆக இந்த ஏற்பாடு தளர்கிறது. பாதத்திலிருந்து வரும் உணர்ச்சிச் செய்தி மங்குகிறது, மூளையின் வெண்பகுதியில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடைகின்றன, தானாக ஓடிய நடை மெல்ல மெல்லக் கவனத்தின் பொறுப்புக்கு வந்து சேர்கிறது. அப்போது ஒருவர் கேள்வி கேட்டால் ஒரே பகுதிக்கு இரண்டு வேலை. ஒன்றை விட்டாக வேண்டும். சமதரையில் நடையை நிறுத்திவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி உயரத்திலும் பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி உயரத்திலும் இருக்கின்றன. இங்கே பாதை என்பது பல இடங்களில் கல்லும் வேரும் மழைநீர் அரித்த பள்ளமும்தான். ஒவ்வொரு அடிக்கும் எங்கே கால் வைப்பது என்று மூளை தீர்மானிக்க வேண்டும். தலையில் விறகோ மரவள்ளிக் கிழங்கு மூட்டையோ இருந்தால் அதற்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

அந்த முன்நெற்றிப் புறணிக்கு வெளியிலிருந்து, மண்டையோட்டைத் திறக்காமல், கத்தி வைக்காமல், ஏதேனும் உதவி செய்ய முடியுமா என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி. நடைக்கு மட்டுமல்ல, இதயத்துக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். நம் ஊர்களில் மூட்டுவலிக்கு இயன்முறை மருத்துவர் ஒட்டுகிற மின்பட்டைகளை 'கரண்ட் வெச்சாங்க' என்பார்கள். மனநல மருத்துவமனையில் கொடுக்கும் மின்னதிர்ச்சியை 'ஷாக் ட்ரீட்மென்ட்' என்பார்கள். இங்கே பேசப்போவது இரண்டுமல்ல. மின்னதிர்ச்சி சிகிச்சையில் மயக்க மருந்து கொடுத்து, கிட்டத்தட்ட ஓர் ஆம்பியர் அளவுக்கு மின்துடிப்புகளைச் செலுத்தி, மூளையில் வேண்டுமென்றே ஒரு வலிப்பை உண்டாக்குகிறார்கள். நாம் பேசப்போகும் நேர்மின் தூண்டலில் மின்னோட்டம் 1 அல்லது 2 மில்லிஆம்பியர்தான். ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு பங்கு. ஆள் விழித்திருப்பார், பேசிக்கொண்டிருப்பார், நடக்கக்கூடச் செய்வார்.

கருவி மிக எளியது. மின்கலத்தில் இயங்கும் கைக்கு அடக்கமான ஒரு பெட்டி, இரண்டு கம்பிகள், உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுப் பட்டைகள். ஒரு பட்டை இடப்பக்க முன்நெற்றியின் மேல், மற்றது வலப்பக்கம். 20 நிமிடம். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் மைக்கேல் நிட்ஷேவும் வால்டர் பவுலஸும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுதான் இந்த முறைக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தது. அத்தனை சிறிய மின்னோட்டமும், கை அசைவுக்கான மூளைப்பகுதியின் துடிப்பைச் சில நிமிடங்களுக்குக் கூட்டவும் குறைக்கவும் வல்லது என்று அவர்கள் காட்டினார்கள். எந்தத் துருவம் மேலே இருக்கிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறியது.

இந்த மின்னோட்டம் நரம்பணுவைச் சுட வைப்பதில்லை. அணுவின் சவ்வுக்கு உள்ளேயும் வெளியேயும் உள்ள மின்னழுத்த வேறுபாட்டைச் சற்றே நகர்த்துகிறது, அவ்வளவுதான். ஏற்கனவே வேலை செய்துகொண்டிருக்கும் அணு இன்னும் எளிதாக வேலை செய்யும். சும்மா இருக்கும் அணு சும்மாவே இருக்கும். உழவுக்கு முன் நிலத்தில் இறங்கும் ஈரம்போல இது: மண்ணைப் பதப்படுத்தும், விதைக்காத நிலத்தில் எதையும் முளைக்க வைக்காது. இந்த ஒரு செய்தியை வாசகர் பிடித்துக்கொண்டால், மூளைத் தூண்டலைப் பற்றிய விளம்பரங்களில் எது உண்மை, எது புளுகு என்று பெரும்பாலும் தானே பிரித்துவிடலாம். படுத்துக்கொண்டு தலையில் கரண்ட் வைத்துக்கொண்டால் நடை திரும்பாது. நடைப் பயிற்சியோடு சேர்த்து வைத்தால், பயிற்சி மூளையில் பதிவது கூடலாம்.

மின்னோட்டம் முழுவதும் மூளைக்குள் போவதும் இல்லை. ஹங்கேரியின் செகெட் நகர ஆய்வாளர்கள் இறந்தோர் உடல்களில் மின்முனைகளைப் பதித்து அளந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், செலுத்திய மின்னோட்டத்தில் ஏறக்குறைய 75 சதவீதம் தோலிலும் தசையிலும் மண்டையோட்டிலுமே பக்கவாட்டில் ஓடிப்போய்விடுகிறது என்று தெரிந்தது. எஞ்சியது மிகச் சொற்பம். இந்த முறை வேலை செய்கிறது என்று சொல்பவர்கள் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

இன்னொரு முறை காந்தத் தூண்டல். மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று மைக்கேல் பாரடே 1831இல் கண்டறிந்தார். அதே விதியைக்கொண்டு 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் ஒரு கம்பிச் சுருளைத் தலைக்கு மேல் வைத்து, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான காந்தத் துடிப்பால் எதிர்ப்பக்கக் கைவிரல்களைத் துள்ள வைத்தார். மண்டையோடு காந்தப்புலத்தைத் தடுப்பதில்லை. எனவே இது நரம்பணுவை உண்மையிலேயே சுட வைக்கும். 2008இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மனச்சோர்வுக்கு இதை அனுமதித்தது. ஆனால் கருவி பெரியது, விலை அதிகம், தடையில்லாத மின்சாரம் வேண்டும். காலுக்கான மூளைப்பகுதி இரண்டு மூளை அரைக்கோளங்களுக்கு நடுவே உள்ள பிளவில் உள்வாங்கி இருப்பதால் சாதாரணச் சுருள் அங்கே எளிதில் எட்டுவதும் இல்லை. மலைக்கு ஏற்றது இது இல்லை என்று நான் நினைப்பதால் இதோடு விடுகிறேன்.

நடைக்குத் திரும்புவோம். பாஸ்டனில் ஜுன்ஹாங் சோ, பிராட் மேனர் ஆகியோரின் குழு இளைஞர்களிடம் தொடங்கியது. இடப்பக்க முன்நெற்றிப் புறணியின் மேல் 20 நிமிடம் நேர்மின் தூண்டல் கொடுத்த பிறகு, நடந்துகொண்டே கழித்தல் கணக்குச் சொல்லும்போது நடை குலைவது குறைந்தது என்று 2014இல் எழுதினார்கள். பிறகு மெதுவாக நடக்கிற, கவனத்திலும் தடுமாறுகிற முதியவர்களுக்கு இரண்டு வாரத்தில் 10 அமர்வுகள் கொடுத்துப் பார்த்தார்கள். அறிவாற்றல் சோதனையிலும், நடந்துகொண்டே கணக்குப் போடும் சோதனையிலும் முன்னேற்றம் தெரிந்தது. அடுத்து வந்த ஆய்வொன்றில் அசைவுக்கான புறணியைத் தூண்டியதைவிட, கவனத்துக்கான முன்நெற்றிப் புறணியைத் தூண்டியதுதான் பலன் கொடுத்தது. ஊமியாவில் 1997இல் கண்டதோடு இது அழகாகப் பொருந்துகிறது. இவை எல்லாம் சிறிய குழுக்களில் நடந்த ஆய்வுகள். நடை சீரானால் விழுவதும் குறைகிறதா என்ற கணக்கை எடுக்கப் பல நூறு பேரை ஓராண்டுக்காவது பின்தொடர வேண்டும்.

போலித் தூண்டல் என்று ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பஞ்சுப் பட்டை ஒட்டியதும் முதல் அரை நிமிடம் தோலில் ஊரலும் குறுகுறுப்பும் இருக்கும். பிறகு தோல் பழகிவிடும். ஆகவே ஒப்பீட்டுக் குழுவுக்கு அந்த முதல் அரை நிமிடம் மட்டும் மின்னோட்டத்தைக் கொடுத்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். அவருக்கும் தனக்குச் சிகிச்சை நடப்பதாகவே தோன்றும். தினமும் ஒருவர் வந்து 20 நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தாலே பல முதியவர்களின் நடை தெம்பாகிவிடும். அந்தத் தெம்பைக் கழித்த பிறகு மின்சாரத்துக்கு என்று மிஞ்சுவது எவ்வளவு என்பதைப் போலித் தூண்டல்தான் சொல்லும்.

இனி இதயம். 1845இல் எர்ன்ஸ்ட் வேபர், எட்வர்ட் வேபர் என்ற ஜெர்மன் சகோதரர்கள், கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் நரம்பைத் தூண்டினால் இதயத்துடிப்பு குறையும், பலமாகத் தூண்டினால் நின்றேவிடும் என்று காட்டினார்கள். ஒரு நரம்பு உறுப்பை இயக்குவது மட்டுமல்ல, அடக்கவும் செய்யும் என்று உலகம் அறிந்தது அப்போதுதான். மூளைத் தண்டிலிருந்து புறப்பட்டு இதயம், நுரையீரல், குடல் வரை போகிற இந்த நரம்பு ஓய்வுக்கான நரம்பு. பரபரப்புக்கான பரிவு நரம்புகள் ஒருபக்கம் இழுக்க, இது மறுபக்கம் இழுக்கிறது. இந்த இழுபறியால் ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைவெளி சற்றே மாறிக்கொண்டே இருக்கும். வயது கூடக் கூட வேகஸின் பிடி தளர்கிறது. துடிப்புகளின் இடைவெளி மாற்றமும் சுருங்குகிறது.

வேகஸின் ஒரு கிளை காதுக்கு வருகிறது. கோழி இறகால் காது குடையும்போது சிலருக்குத் தொண்டையில் கிச்சுக்கிச்சு மூட்டி இருமல் வருகிறதே, அந்தக் கிளையின் வேலைதான் அது. 19ஆம் நூற்றாண்டில் அதை விவரித்த பிரெட்ரிக் அர்னால்டின் பெயரால் அர்னால்டு நரம்பு என்கிறார்கள். வேகஸைத் தொடக் கழுத்தைக் கீற வேண்டாம், காதுத் துளைக்கு முன்னால் நிற்கும் சிறு மடலில் ஒரு கவ்வியை மாட்டினால் போதும் என்ற எண்ணம் இங்கிருந்துதான் வந்தது. 2014இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் கிளான்சியும் ஜிம் டூகார்ஸும் நடத்திய ஆய்வில், காதுத் தூண்டல் கொடுத்தபோது ஆரோக்கியமானவர்களிடம் பரிவு நரம்பின் செயல்பாடு குறைந்தது. பிறகு 55 வயதைத் தாண்டியவர்களுக்கு அதே குழு தினமும் 15 நிமிடம் என்று இரண்டு வாரம் கொடுத்து, நரம்புச் சமநிலை மேம்பட்டதாக 2019இல் எழுதியது.

காதின் வழியாக மூளையைத் தொடுவது முற்றிலும் புதிய எண்ணமும் அல்ல. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துக் கலிபோர்னியாவுக்குப் போன வி.எஸ். ராமச்சந்திரன், பக்கவாதம் வந்து இடக்கை செயலிழந்தும் அதை ஒப்புக்கொள்ளாத ஒரு நோயாளியின் காதில் குளிர்ந்த நீரைச் செலுத்திப் பார்த்தார். சமநிலை உறுப்பு கிளர்ந்ததும், அந்த நோயாளி சிறிது நேரத்துக்குத் தன் கை செயலிழந்ததை ஒப்புக்கொண்டார். இத்தாலிய மருத்துவர்கள் ஏற்கனவே கண்டிருந்ததை அவர் 1990களில் ஆழமாக்கினார். கருவி என்று பார்த்தால் ஒரு பீச்சாங்குழல்தான்.

இதயத்துக்கான சான்றுகளில் எனக்கு மிகவும் வலுவாகத் தோன்றுவது அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஸ்டாவ்ரோஸ் ஸ்டாவ்ராகிஸ் நடத்தியது. மேலறை நடுக்கம் என்ற தாளம் தப்பிய இதயத்துடிப்பு முதியவர்களிடம் அதிகம். பக்கவாதத்துக்கு அது ஒரு பெரிய வாசல். அது விட்டுவிட்டு வருகிற 53 பேரை எடுத்துக்கொண்டார். ஒரு சாராருக்குக் காதின் முன்மடலில், தினமும் ஒரு மணி நேரம், 6 மாதம் தூண்டல். மறுசாராருக்கு அதே கருவி, அதே நேரம், ஆனால் கம்மல் போடும் சோணையில். அங்கே வேகஸின் கிளை இல்லை. 6 மாத முடிவில் முன்மடல் குழுவில் நடுக்கத்தின் சுமை மற்றக் குழுவைவிட 85 சதவீதம் குறைவாக இருந்தது. 2020இல் வெளிவந்தது. ஒப்பீட்டுக் குழுவை இவ்வளவு நேர்மையாக அமைத்த ஆய்வுகள் இந்தத் துறையில் அதிகம் இல்லை.

இந்தியாவிலேயே நடந்த ஓர் ஆய்வும் உண்டு, ஆனால் அது அறுவை சிகிச்சை சார்ந்தது. ஹைதராபாத்தின் ராஜேந்திர பிரேம்சந்த் முதலிய இதய மருத்துவர்கள் நம் நாட்டின் 10 மையங்களில், இதயச் செயலிழப்பு உள்ள 60 பேருக்குக் கழுத்தில் வேகஸைச் சுற்றி மின்முனையைப் பொருத்தினார்கள். 6 மாதத்தில் இதயம் இரத்தத்தை வெளித்தள்ளும் திறன் கூடியது; 6 நிமிடத்தில் அவர்கள் நடக்கக்கூடிய தூரமும் சராசரியாக 56 மீட்டர் கூடியது. 2014இல் வந்த இந்த முடிவு பெரும் நம்பிக்கையைக் கிளப்பியது. ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு அது. இரண்டே ஆண்டில், 707 பேரை வைத்து வெளிநாடுகளில் நடந்த இன்னொரு வேகஸ் ஆய்வில், வேறொரு கருவிகொண்டு செய்தபோது, இறப்பும் குறையவில்லை, இதயச் செயலிழப்பு மோசமாவதும் குறையவில்லை. அங்கேயும் நோயாளிகள் கூடுதல் தூரம் நடந்தார்கள், தெம்பாக உணர்ந்தார்கள். ஆயுள் மட்டும் நீளவில்லை.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது, முதியவரின் இதயத்தைக் காப்பாற்ற மூளைத் தூண்டல் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். குறிப்பிட்ட ஒரு தாளக் கோளாறுக்குக் காதுத் தூண்டல் உதவக்கூடும். அதற்கு மேல் இன்று சொல்லச் சான்று போதாது. பிரேசிலில் அலெக்சாண்டர் ஒக்கானோ குழு, இதயத்தை ஆளும் இன்சுலா என்ற உட்புறணிக்கு மேலாக நேர்மின் தூண்டல் கொடுத்துச் சைக்கிள் வீரர்களின் உச்சத் திறனைச் சுமார் 4 சதவீதம் கூட்டியது உண்மை. அது 10 பேர், அவர்களும் தேசிய அளவிலான வீரர்கள். கல்வராயனின் சேராப்பட்டுத் தாத்தா ஒருவருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

ஆனால் இதயமும் நடையும் ஒன்றையொன்று தொடுகிற இடம் ஒன்று உண்டு. அது மிகச் சாதாரணமானது. விடியற்காலையில் பாயை விட்டு எழுந்து நிற்பது. எழுந்த நொடியில் அரை லிட்டருக்கு மேல் இரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணரிகள் மூளைத் தண்டுக்குச் செய்தி அனுப்ப, வேகஸ் பிடியைத் தளர்த்த, இதயம் வேகமெடுக்க, குழாய்கள் சுருங்க, எல்லாம் சில நொடிகளில் சரியாகிறது. முதுமையில் இந்த அனிச்சைச் செயல் மந்தமாகிவிடுகிறது. நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் இரத்த அழுத்தம் 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் அது நோய். கண் இருட்டுகிறது, சுவரைப் பிடிக்கக் கை நீள்கிறது, சுவர் எட்டவில்லை என்றால் விழுகிறார். அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடக்கூடும். அப்படி விழுந்து கால் எலும்பு முறிந்து படுத்தவருக்கு, உண்மையில் பழுதானது இரத்த ஓட்டத்தை ஆளும் நரம்பு. உட்கார்ந்து ஒருமுறை, எழுந்து நின்று ஒருமுறை என்று அழுத்தத்தை இரண்டு தடவை பார்க்க ஐந்து நிமிடம் போதும். எத்தனை இடங்களில் பார்க்கிறார்கள்?

நடக்கும் வேகமே இதயத்தைப் பற்றியும் ஆயுளைப் பற்றியும் பேசும். 2011இல் ஸ்டீபனி ஸ்டுடென்ஸ்கி, 34,485 முதியவர்களின் தரவுகளைத் திரட்டி, வழக்கமான நடை வேகத்தைக்கொண்டே யார் எத்தனை காலம் வாழக்கூடும் என்பதை நன்றாகக் கணிக்கலாம் என்று காட்டினார். நொடிக்கு 0.8 மீட்டர் என்பது ஏறக்குறைய நடுத்தர ஆயுளுக்கான வேகம். நான்கு மீட்டர் தரை, கைபேசியில் ஒரு நிறுத்துக் கடிகாரம். இவ்வளவுதான் வேண்டும்.

இனி மலைக்குத் திரும்புவோம். வெள்ளிமலை இருக்கும் கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில், தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று இந்த மாவட்டத்தின் சிறுவங்கூரில் வந்தது. அதற்கு முன் பெரிய சிகிச்சை என்றால் முண்டியம்பாக்கம், சேலம், புதுச்சேரி ஜிப்மர். மலையின் மேலே மலையாளி பழங்குடியினர் வாழ்கிறார்கள். தமிழ் பேசும் மக்கள். இளைஞர்கள் பிழைப்புக்காகக் கேரளத்துக்கும் வெளியூர்களுக்கும் போய்விட, வீட்டையும் ஆட்டையும் பேரக்குழந்தையையும் பார்த்துக்கொள்வது பல வீடுகளில் முதியவர்கள்தான். அவர்கள் நடந்தால்தான் அந்த வீடு நடக்கும். சாலை எட்டாத குக்கிராமங்களில் முடியாதவர்களைத் தூளி கட்டித் தூக்கி வருகிற நிலை இன்னும் முற்றாக ஒழியவில்லை. இந்த மலைமக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டதே அதற்குப் போதிய சான்று.

இந்த இடத்தில் 10 அமர்வுகள் என்பதன் பொருள் மாறிவிடுகிறது. பாஸ்டனில் அது பத்து முறை வண்டியேறிப் போவது. வெள்ளிமலையில் அது பத்து நாள் காலையில் கச்சிராயபாளையம் வழியாக மலை இறங்கி, மாலையில் ஏறி, பத்து நாள் கூலியையும் துணைக்கு வருபவரின் கூலியையும் இழப்பது. மருத்துவமனையில் வைத்துக் கொடுக்கும் எந்தத் தூண்டலும் இவர்களுக்கு எட்டாது. வீட்டுக்கு வருவதுதான் எட்டும்.

வீட்டுக்கு வரும் ஏற்பாடு தமிழ்நாட்டில் ஏற்கனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், மகளிர் தன்னார்வலர்கள் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுவருகிறார்கள். இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருகிறார். நேர்மின் தூண்டல் கருவி அந்த இயன்முறை மருத்துவரின் பைக்குள் அடங்கும். நியூயார்க்கில் லீ சார்வெட் குழு, நோயாளி வீட்டிலிருந்தபடியே காணொளிக் கண்காணிப்பில் தானே பட்டையை மாட்டிக்கொள்ளும் முறையைப் பத்தாண்டுகளாக நடத்திவருகிறது. கைபேசி சிக்னல் எட்டாத மலையூர்களில் காணொளி கைகொடுக்காது, ஆள் வர வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸில் மனநோய்க்கு நேர்மின் தூண்டல் கொடுப்பதில் நீண்ட அனுபவம் இருக்கிறது; பயிற்சிக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை.

என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். கருவி முதலில் வரக்கூடாது. பயிற்சி முதலில் வர வேண்டும். 2014இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 70 முதல் 89 வயதுள்ள 1,635 பேரில் ஒரு சாராருக்கு நடை, கால்வலு, சமநிலைப் பயிற்சிகளை முறையாகக் கொடுத்தபோது, நடமாட்டம் இழக்கும் ஆபத்து 18 சதவீதம் குறைந்தது. மூளைத் தூண்டலின் எந்த ஆய்வும் இத்தனை பேரிடம் இப்படி ஒரு பலனைக் காட்டவில்லை. மலைமக்கள் வாழ்நாள் முழுக்க நடந்தவர்கள், அவர்களுக்கென்ன பயிற்சி என்று கேட்கலாம். அவர்களிடம் நடை இருக்கிறது. வயதான பிறகு குறைவது ஒற்றைக்காலில் நிற்கும் சமநிலையும், எழுந்து நிற்கும் தொடை வலுவும், பேசிக்கொண்டே நடக்கும் கவனமும். அவற்றைத்தான் பயிற்ற வேண்டும். பயிற்சி நடக்கும் வீட்டில், அதன் கூடவே, தூண்டலைச் சோதித்துப் பார்க்கலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவருக்கும், தலைக்குள் உலோகம் உள்ளவருக்கும், வலிப்பு நோய் உள்ளவருக்கும் மருத்துவர் சொல்லாமல் கூடாது. பஞ்சு காய்ந்தால் தோல் வெந்துவிடும், அதையும் பார்க்க வேண்டும். இணையத்தில் விற்கும் தலைப்பட்டைகளை வாங்கி அம்மாவுக்கு மாட்டிவிடும் மகன்களை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: வேண்டாம்.

சிறுவங்கூர்க் கல்லூரி இப்படி ஓர் ஆய்வை எடுத்தால் அதன் வடிவம் கடினமானதல்ல. மலையூர்களில் 65 வயது கடந்தவர்கள். எல்லோருக்கும் வீட்டில் நடைப் பயிற்சி. பாதிப்பேருக்கு உண்மைத் தூண்டல், பாதிப்பேருக்குப் போலித் தூண்டல். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் நான்கு மீட்டர் நடை, பேசிக்கொண்டே அதே நடை, உட்கார்ந்தும் நின்றும் இரத்த அழுத்தம், 6 நிமிடத்தில் நடந்து போகும் தூரம். பள்ளியில் கழித்தல் கணக்குப் படிக்காதவரிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லக்கூடாது. பட்டியில் உள்ள ஆடுகளின் பெயர்களையோ பேரப்பிள்ளைகளின் பெயர்களையோ வரிசையாகச் சொல்லச் சொல்லலாம், அதுவும் மூளைக்கு அதே வேலையைக் கொடுக்கும். பிறகு ஓராண்டு முழுக்க, யார் எத்தனை முறை விழுந்தார்கள் என்ற கணக்கு.

கடினமானது அந்தக் கடைசிக் கணக்குதான். நம் முதியவர்கள் விழுந்ததைச் சொல்வதில்லை. சொன்னால் கொல்லைக்குப் போகாதே, தண்ணி எடுக்காதே, மூலையில் உட்கார் என்று பிள்ளைகள் கட்டுப்படுத்திவிடுவார்கள் என்ற பயம். அடிபட்ட இடத்தில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு 'வாசப்படி இடிச்சிடுச்சு' என்பார்கள். ஆகவே மாதத்துக்கு ஒருமுறை வந்து கேட்டால் உண்மை வராது. வாரம் ஒருமுறை, அதே ஊர்த் தன்னார்வலர், மகனோ மருமகளோ பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், நாள்காட்டியில் விழுந்த நாளுக்கு ஒரு புள்ளி வைக்கச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அதற்கான கூடுதல் ஊதியத்தை ஆய்வின் செலவுக் கணக்கில் முதல் வரியாகவே எழுதிவிட வேண்டும்.